பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர்

ஜனவரி 20, காலை. வாசகர் கேள்வி

எங்கள் ஊர் மன்றத்தின் சார்பில், காவிரிப் படுகையில் பிறந்த இசைவாணர்களின் ஊர்களில் கருங்கல் பலகை நடுவதாக இருக்கிறோம். நன்கொடையாளர் ஒருவர் பன்னிரண்டு கல்லுக்குப் பணம் கொடுத்திருக்கிறார். ஊர் பெயரோடு ஒட்டியே வருவதால் பட்டியல் போடுவது எளிது என்று நினைக்கிறேன். செம்மங்குடியில் ஒன்று, பாபநாசத்தில் ஒன்று, திருவாவடுதுறையில் ராஜரத்தினம் பிள்ளைக்கு ஒன்று என்று தொடங்கியிருக்கிறேன். ‘இன்னார் பிறந்த ஊர்’ என்ற ஒரே வாசகத்தை எல்லாவற்றிலும் பொறித்துவிடலாம். விடுபட்ட பெயர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 20, மாலை

கல்தச்சரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் முதலில் அதை நிறுத்தி வையுங்கள். நீங்கள் சொன்ன மூன்று ஊர்களில் மூன்றுமே பிறந்த ஊர் இல்லை. செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908 ஜூலை 25 அன்று திருக்கோடிக்காவலில் பிறந்தவர். பாபநாசம் சிவன் 1890இல் நாகப்பட்டினம் பக்கத்துப் போலகத்தில் பிறந்தவர். நாகசுர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளை 1898 ஆகஸ்ட் 27 அன்று திருமருகலில் பிறந்தவர். மூன்றுக்கு மூன்று தவறு என்றால் பட்டியல் போட்டவரைக் குறை சொல்வதில் பயனில்லை. பெயரில் இருக்கும் ஊர் எதைச் சொல்கிறது என்பதையே நாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்றுதான் கொள்ள வேண்டும்.

ஜனவரி 21

நேற்று எழுதியதில் கொஞ்சம் அதட்டல் தொனித்துவிட்டது. உங்களை அதட்டும் தகுதி எனக்கு இல்லை என்பதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் கும்பாபிஷேக மலருக்குச் செம்மங்குடியாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தந்தேன். ‘செம்மங்குடியில் பிறந்து, தாய்மாமன் திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயரிடம் பல ஆண்டுகள் பயின்றார்’ என்பது அதன் முதல் வாக்கியம். மலர் வெளிவந்த சில நாளில், கும்பகோணத்திலிருந்து வரும் நகரப் பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், நான் யார் என்று தெரியாமலேயே அந்த மலரைப் பிரித்துக் காட்டி, “இதை எழுதினவனுக்குக் கழித்தல் கணக்குக்கூடத் தெரியாது போலிருக்கிறது” என்றார். கிருஷ்ண ஐயர் காலமானது 1913இல். மருமகனுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை. பல ஆண்டுகள் எங்கே பயில்வது? நான் தஞ்சாவூர் மாவட்டத்தின் வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிட்டேன்.

நடந்தது இதுதான். கிருஷ்ண ஐயர் பெரிய வயலின் வித்துவான். அவர் வீட்டில் பிறந்து, அந்த வில்லின் ஓசையைக் கேட்டபடி தவழ்ந்த பிள்ளை, மாமன் மறைந்த பிறகு பெற்றோருடன் செம்மங்குடிக்குப் போனார். எட்டாவது வயதில் உறவினரான செம்மங்குடி நாராயணசாமி ஐயரிடம் பாடம் தொடங்கியது. பிறகு கோட்டுவாத்தியக் கலைஞர் திருவிடைமருதூர் சகாராம் ராவ், உமையாள்புரம் சுவாமிநாத ஐயர், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் என்று குரு மாறிக்கொண்டே வந்தார். ஒவ்வொருவர் பெயருக்கு முன்னாலும் ஓர் ஊர் இருப்பதைக் கவனியுங்கள். 1926இல் கும்பகோணத்தில் முதல் கச்சேரி. 1947இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. அப்போது வயது 39. கேட்டு வளர்ந்த ஊர் ஒன்று, கற்ற ஊர்கள் நான்கைந்து, மேடையேறிய ஊர் மற்றொன்று. இதில் எந்த ஊரில் கல் நடுவது?

ஜனவரி 21, இரவு

தூக்கம் வராமல் யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. பிறந்த ஊர் தாயின் ஊர். பெயரில் ஒட்டும் ஊர் தகப்பனின் ஊர். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடித்துப் பெண்ணை அழைத்துப் போவார்கள். பிள்ளை மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகு தகப்பன் வீட்டுக்கு வரும். ஊர் கேட்டால் அது தகப்பன் ஊரைத்தான் சொல்லும். செம்மங்குடியார் கதை முழுக்க இதற்குப் பொருந்துகிறது.

ஜனவரி 22

மேற்சொன்னதற்கு இதைவிடப் பெரிய சாட்சி உ.வே.சாமிநாதையர். அந்த ‘உ’ பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரம். ஆனால் 1855 பிப்ரவரி 19 அன்று அவர் பிறந்தது சூரியமூலையில்; தாய் சரஸ்வதி அம்மாளின் ஊர். சூரியமூலை, திருக்கோடிக்காவல் இரண்டுமே கஞ்சனூர் பக்கத்து ஊர்கள்தாம். ஆக, ‘உத்தமதானபுரம்’ தாத்தாவும் ‘செம்மங்குடி’ ஐயரும் பிறந்த இடங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே நாளில் மிதிவண்டியிலேயே பார்த்துவிடலாம். இருவருமே தாயின் ஊரைப் பெயரில் சுமக்கவில்லை. சுமந்திருந்தால் தமிழுலகம் அவரைச் சூ.வே.சா. என்றல்லவா அழைத்திருக்கும்!

பெயரைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு முதலில் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் கூப்பிட்டது சாமிநாதன், அதிலும் ‘சாமா’. 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தபோது, ஆசிரியருக்குப் பிடித்ததால் சாமிநாதன் என்ற பெயரே நிலைத்தது. தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர், கனம் கிருஷ்ணையரின் மாணவர். பிள்ளைக்கும் சங்கீதத்தில் ஈடுபாடு இருந்தது. மாயூரத்தில் இருந்தபோது கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே சிறிது காலம் பாடம் கேட்டார்; தமிழாசிரியர் அதை விரும்பவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். அந்த இசை வகுப்பு தொடர்ந்திருந்தால் சீவகசிந்தாமணி 1887இல் அச்சேறியிருக்குமா என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. எழுத வேண்டியது ஊரைப் பற்றி, திரும்புகிறேன்.

ஜனவரி 22, பிற்பகல்

கணித மேதை ராமானுஜனையும் சிலர் கேட்கிறார்கள். இசை இல்லை, ஆனாலும் இதே வழக்குத்தான். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெரு வீட்டில் வளர்ந்தவர். 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தது ஈரோட்டில், தாயின் பெற்றோர் வீட்டில். அடுத்தது.

ஜனவரி 24

நான் 21ஆம் தேதி இரவு கண்டுபிடித்த விதியை இன்று காலை நானே உடைக்க வேண்டியதாகிவிட்டது. பாபநாசம் சிவனுக்குப் பாபநாசம் தாயின் ஊரும் இல்லை, தகப்பன் ஊரும் இல்லை. போலகத்தில் ராமையாவாகப் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். 1899இல் தாய் யோகாம்பாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்குத் தம் சகோதரரை நாடிப் போனார். அங்கே மலையாளமும் வடமொழியும் கற்ற இளைஞருக்கு 1910இல் தாயும் போய்விட்டார். அதன் பிறகுதான் காவிரிக் கரைக்குத் திரும்பி, தமையனார் இருந்த பாபநாசத்தில் தங்கியபடி கோயில் கோயிலாகப் பாடித் திரிந்தார். உடம்பெல்லாம் திருநீறு பூசிப் பாடி வந்தவரைக் கண்ட கணபதி அக்கிரகாரத்து மக்கள், பாபநாசத்திலிருந்து சிவனே வந்துவிட்டார் என்றார்கள். அந்தப் பெயர் நின்றது. கொடுத்தது கணபதி அக்கிரகாரம், குறிப்பது பாபநாசம், பிறந்தது போலகம், படித்தது திருவனந்தபுரம். 1971இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் ராமையா அல்லர். ஊரார் வைத்த பெயர்தான் அதைப் பெற்றது.

இவருக்கு ஒரே கல் என்று நன்கொடையாளர் பிடிவாதம் பிடித்தால், நான் அதைக் கணபதி அக்கிரகாரத்தில்தான் நடுவேன்.

ஜனவரி 25

டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் ‘டி’ திருவாவடுதுறையைக் குறிக்கிறது என்று தனிச்செய்தியில் ஒருவருக்கு நேற்று பதில் எழுதினேன். தவறு. அது திருமருகல், ‘என்’ என்பது நடேச பிள்ளை. அவர் தகப்பனார் இல்லை, தாய்மாமன். பிள்ளையைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தவர். பெற்ற தகப்பன் குப்புசாமி பிள்ளைக்கு முதலெழுத்தில் இடமே இல்லை. பிறந்தபோது வைத்த பெயரும் பாலசுப்பிரமணியம். ஆக டி.என்.ஆர். என்ற அந்த மூன்றெழுத்தில் பிறந்த ஊர் சரியாக இருக்கிறது, ஆனால் தகப்பன் மாறியிருக்கிறார், பெயரும் மாறியிருக்கிறது. நாமோ அந்தச் சரியான ஊரை விட்டுவிட்டு, அவர் ஆதீன வித்துவானாக இருந்த திருவாவடுதுறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இவரும் முதலில் வாய்ப்பாட்டுத்தான் கற்றார். யாரிடம் தெரியுமா? மேலே வந்த அதே திருக்கோடிக்காவல் கிருஷ்ண ஐயரிடம். பேருந்துப் பெரியவர் இதைத் தெரிந்துதான் கோபப்பட்டாரோ என்னவோ. ஒரு வயலின்காரர் வீட்டில், தோடி ராகத்தை நாகசுரத்தில் ஆண்டவர் ஒருவரும் பாட்டுலகில் அரை நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சியவர் ஒருவரும் பிள்ளைப்பருவத்தில் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஆனால் ‘திருக்கோடிக்காவல்’ என்ற பெயர் அவ்விருவரில் எவர் முன்னாலும் இல்லை. உங்கள் பன்னிரண்டு கல்லில் ஒன்றை எந்தப் பெயரும் இல்லாமல் அந்த ஊருக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு ஊரும் உண்டு. நீளம் கூடிய நாகசுரமான பாரி நாயனத்தை அவர் வாசித்து நிலைநிறுத்தினார் என்றால், அதைக் கடைந்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கசாமி ஆசாரி. திருமருகல் இப்போது நாகப்பட்டினம் மாவட்டம், திருவாவடுதுறை மயிலாடுதுறை மாவட்டம், நரசிங்கம்பேட்டை தஞ்சாவூர் மாவட்டம். அவர் இருந்தபோது எல்லாமே ஒரே தஞ்சாவூர் ஜில்லா. மாவட்ட நிர்வாகம் எதற்கேனும் உங்கள் மன்றம் விண்ணப்பம் போடுவதாக இருந்தால் மூன்று படி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 26

பதிவேட்டைப் பார்த்தால் பிறந்த ஊர் தெரிந்துவிடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் இருபத்தாறு ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். பிறப்பு இறப்புப் பதிவேடு என் மேசையில்தான் இருந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூரில் மாதத்துக்கு நாலைந்து பிறப்பாவது எழுதுவேன். பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள், தாய்வீட்டுக்கு வந்தவர்கள். நான் ஓய்வு பெற்ற ஆண்டில் பிறப்புப் பக்கத்தில் ஒரே ஒரு பதிவு. அதுவும் மருத்துவமனைக்குப் போகும் வழியில், வாய்க்கால் மதகுக்கு அருகே, ஆம்புலன்சுக்குள். இறப்புப் பக்கம் மட்டும் வழக்கம்போல் நிறைந்துகொண்டிருந்தது.

இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து உங்களைப் போல் ஒருவர் கல் நட வந்தால், டெல்டாவின் அத்தனை வித்துவான்களும் கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ நாலைந்து பிரசவ மருத்துவமனைகளில் பிறந்ததாகத்தான் பதிவேடு சொல்லும்.

ஜனவரி 28

நகரத்துக்குப் போனவர்களின் முதலெழுத்து தனிக்கதை. பாடகர் ஜி.என்.பாலசுப்பிரமணியம், அதாவது ஜி.என்.பி.யின் ‘ஜி’ மாயவரம் பக்கத்துக் கூடலூர். 1910 ஜனவரி 6 அன்று அங்கே பிறந்தார். ஆனால் தந்தை நாராயணசாமி ஐயர் திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியர். பிள்ளை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. ஆனர்ஸ் படித்தார். 1928இல் கபாலீசுவரர் கோயில் வசந்த உற்சவத்தில், முசிறி சுப்பிரமணிய ஐயர் பாட வேண்டிய கச்சேரிக்கு அவர் வர இயலாமல் போக, அந்த இடத்தில் பதினெட்டு வயது மாணவர் உட்கார்ந்தார். அங்கே தொடங்கியதுதான் எல்லாம். கூடலூருக்கு அதில் என்ன பங்கு? முதலெழுத்தாக உடன் போன பங்குதான்.

புல்லாங்குழல் மாலிக்கும் அப்படியே. டி.ஆர்.மகாலிங்கத்தின் ‘டி’ திருவிடைமருதூர், 1926இல் பிறந்தார். ஏழாவது வயதில், 1933இல், மயிலாப்பூரில் நடந்த தியாகராஜர் விழாவில் குழலோடு மேடையேறிவிட்டார். மாமன் ஜால்ரா கோபால ஐயர் சொல்லிக்கொடுத்தது பாட்டு. குழலைப் பிள்ளை தானாகவே எடுத்துக்கொண்டது. (இங்கும் ஒரு மாமன்!)

எம்.கே.தியாகராஜ பாகவதரின் ‘எம்’ மாயவரம். பொற்கொல்லர் கிருஷ்ணமூர்த்தி ஆசாரியின் மகன். குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. படிக்கச் சொன்னதற்காகக் கடப்பைக்கு ஓடிப்போன பிள்ளையைத் தேடிப் பிடித்து வந்தார்கள், பிறகு எப்.ஜி.நடேச ஐயர் திருச்சியில் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். 1934இல் பவளக்கொடி, 1944இல் ஹரிதாஸ். மாயவரத்துக்காரர்கள் அவரை ‘நம்ம ஊர்ப் பாகவதர்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். திருச்சிக்காரர்களும் அதையே சொல்கிறார்கள். இரண்டும் பொய்யில்லை. என் தகப்பனார் மட்டும் இரண்டு ஊருக்கும் இடையில் இருந்துகொண்டு, “பாகவதர் ரயிலில் எங்கள் ஊரைக் கடந்து போயிருக்கிறார்” என்று பெருமை கொண்டாடியவர்.

ஜனவரி 29

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். எல்லோரும் ஆண்கள். பெண்களின் முதலெழுத்து வேறு கணக்கில் ஓடுகிறது என்பதை விட்டுவிட்டேன்.

நாட்டியக் கலைஞர் டி.பாலசரஸ்வதியின் ‘டி’ தஞ்சாவூர். அவர் பிறந்ததோ 1918இல் சென்னையில். அரங்கேறியது 1925இல் காஞ்சிபுரத்தில், ஏழு வயதில். தஞ்சாவூர் என்பது, அரண்மனைக் காலத்தில் அங்கே ஆடியும் பாடியும் வாழ்ந்த முன்னோர்களின் ஊர். பாட்டி வீணை தனம்மாள், தாய் ஜெயம்மாள் என்று பெண் வழியே வந்த ஊர் அது. பெரியம்மா சின்னம்மா வழிச் சகோதரிகளான பாடகிகள் பிருந்தா, முக்தா பெயர்களின் முன்னால் நிற்பதும் அதே ‘டி’. இங்கே தாய்வீட்டு ஊர்தான் பெயரில் நிற்கிறது. நான் 21ஆம் தேதி இரவு கண்ட விதி தலைகீழாகிறது. காவிரிக் கரைக்கு வெளியே மதுரையில், தாய் சண்முகவடிவின் பெயரையே முதலெழுத்தாகக் கொண்டு எம்.எஸ்.சுப்புலட்சுமி வந்ததும் இந்த வழக்கில்தான்.

பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் வேறு விதம். நஞ்சன்கூட்டில் பிறந்து, பெங்களூரைப் பெயரில் ஏற்று, கடைசியில் தம் செல்வத்தையெல்லாம் திருவையாற்றுத் தியாகராஜர் சமாதிக்குச் செலவிட்டார். அங்கே பெண்கள் பாடக்கூடாது என்றிருந்தபோது, பெண்களுக்கென்று தனியே ஆராதனை நடத்தினார். இன்றும் சமாதியை நோக்கியபடி அவர் சிலை இருக்கிறது. இவரைக் காவிரிப் படுகையில் பிறந்தவர்கள் பட்டியலில் சேர்க்க முடியாது. ஆனால் ‘எந்த ஊர்க்காரர்’ என்று கேட்டால் நான் திருவையாறு என்றுதான் சொல்வேன். போன வாரம் ஆராதனைக்குப் போயிருந்தபோது, பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் பாடி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அந்தச் சிலைக்கு முன்னால் இரண்டு சிறுமிகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்து பாடியவர்கள்.

ஜனவரி 29, இரவு

தியாகராஜரே திருவாரூரில் பிறந்தவர்தானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம். 1762இல் சியாமா சாஸ்திரி, 1767இல் தியாகராஜர், பிறகு 1775இல் முத்துசாமி தீட்சிதர். மூவரும் திருவாரூரில் பிறந்தார்கள். மூவரில் ஒருவரையும் நாம் ‘திருவாரூர்’ சேர்த்து அழைப்பதில்லை. தியாகராஜர் திருவையாற்றில் அடங்கினார். பங்காரு காமாட்சி அம்மன் சிலையோடு தஞ்சாவூர் போன சியாமா சாஸ்திரி அங்கேயே வாழ்ந்தார். தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தார். அவர்கள் பிறந்த வீடுகளைத் திருவாரூரில் நினைவிடங்களாகப் பராமரிக்கிறார்கள். உங்களுக்கு அங்கே மூன்று கல் மிச்சம்.

பிப்ரவரி 1

சீர்காழி கோவிந்தராஜன் சீர்காழியில்தான் பிறந்தார், 1933இல். ஒரு சிக்கலும் இல்லை. இப்படி ஒருவராவது இருக்கிறாரே என்று நிம்மதியாக இருக்கிறது. அவருக்குப் பாட்டுச் சொல்லித்தந்த திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை, நாகசுரக் குடும்பத்தில் பிறந்து புல்லாங்குழலுக்குத் திரும்பியவர். புல்லாங்குழல்காரரிடம் கற்றவருக்கு அந்த வெண்கலக் குரல்.

பிப்ரவரி 3

கேள்வி கேட்ட நண்பர் இரண்டு வாரத்துக்குப் பிறகு வந்திருக்கிறார். கல்தச்சர் எழுத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி சொல்வதாகவும், ‘திருக்கோடிக்காவலில் பிறந்து செம்மங்குடியில் வளர்ந்து’ என்று எழுதப் புகுந்தால் பன்னிரண்டு கல்லுக்கான பணம் ஐந்து கல்லிலேயே தீர்ந்துவிடும் என்றும், சுருக்கமாக ஒரு வாசகம் வேண்டும் என்றும் கேட்கிறார். நியாயமான கேள்வி, நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

‘பிறந்த’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். செம்மங்குடியில் ‘சீனிவாச ஐயரின் ஊர்’ என்று மட்டும் இருக்கட்டும். எழுத்தும் குறைகிறது, பொய்யும் இல்லை. திருவாவடுதுறையிலும் பாபநாசத்திலும் அவ்வாறே. பிறந்த ஊர்களுக்கு மட்டும் அந்தச் சொல்லோடு தனிக் கல். அதற்கு நன்கொடையாளர் கணக்கில் இடமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதோடு ஒன்று. திருக்கோடிக்காவல் கல்லுக்கு ஆகும் செலவை நான் தருகிறேன். கும்பாபிஷேக மலரில் செய்த பிழைக்கு ஈடாக இருக்கட்டும். நம் கோயில்களில் குழல்விளக்கு ஒளியையே மறைக்கும்படி ‘உபயம்’ என்று எழுதிவைப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவன் என்பதால், என் பெயர் அதில் வேண்டாம். மன்றத்தின் விதிப்படி போட்டே ஆக வேண்டும் என்றால், என் பெயருக்கு முன்னால் இருக்கும் ஊரை எடுத்துவிட்டு என் தாயாரின் ஊரைப் போடுங்கள். நான் பிறந்தது அங்கேதான்.